தம்பதியருக்கான உளவளத்துணை: வெள்ளவத்தையில் எட்டு அமர்வுகள்

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் உறுதிசெய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேளை தவறாமல் குளிசை கொடுப்பதையும், புரத உணவு, அந்தக் குளிசையிலுள்ள லெவோடோபா என்ற மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும் என்பதால் மீனையும் பருப்பையும் குளிசை நேரத்திலிருந்து தள்ளிவைப்பதையும் நான் விரைவாகவே பழகிக்கொண்டேன். ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு வற்றிப்போனதற்கு எவரும் மருந்து எழுதித் தரவில்லை. அதற்காகவே காலி வீதிக்கு அண்மையிலுள்ள இந்த உளவளத்துணை நிலையத்துக்குச் சென்றோம்.

முதல் அமர்விலேயே உளவளத்துணையாளர், நோய் வந்த பிறகு ஒருவருக்கொருவர் சொல்லாமல் அடக்கிவைத்திருப்பதைச் சொல்லும்படி கேட்டார். “இவருக்கு என்னில விருப்பம் விட்டுப்போச்சு. என்ன சமைச்சு வச்சாலும் முகத்தில ஒரு சிரிப்பு இல்லை” என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும் குரலில், “நான் சிரிக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்” என்றார்.

இந்த நோயில் முகத்தசைகளின் அசைவு குறைந்துவிடும் என்பதையும், குரல் தணிந்துபோகும் என்பதையும், உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் அது முகத்துக்கு வந்து சேராமல் போகலாம் என்பதையும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளாக நோயின் அறிகுறியை நான் வெறுப்பென்று வாசித்திருக்கிறேன். முகத்தால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லலாம் என்று எங்களுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது மாலைத் தேநீர் பிடித்திருந்தால் அவர் என் புறங்கையில் இருமுறை தட்டுகிறார். அந்த அரை மணிநேரம் குளிசையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அதுவும் அங்கே செய்துகொண்ட உடன்பாடுதான்.

இன்னோர் அமர்வில் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை விளக்கினார்கள். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பாஸ் உருவாக்கிய கருத்து இது. பின்னர் மறதிநோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்கும் அவர் இதை விரித்தார். உடல் இல்லை, ஆனால் ஆள் மனதை விட்டுப் போகவில்லை என்பது ஒரு நிலை. ஆள் எதிரே இருக்கிறார், பழையபடி இல்லை என்பது மற்றொன்று. காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்மாரைக் கண்டிருக்கும் நமக்கு முதலாவதன் கனம் தெரியும். இரண்டாவதற்கும் ஒரு பெயர் உண்டென்று அறிந்தபோது, நான் அழுததற்கு வெட்கப்படத் தேவையில்லை என்று தோன்றியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழில் அமர்வு சனிக்கிழமைகளில் மட்டுமே உண்டு. முதல் நாள் கிடைக்க ஐந்து வாரம் காத்திருந்தோம். ஓர் அமர்வுக்கு 4,000 ரூபாய் என்பது ஓய்வூதியக்காரருக்குச் சிறிய தொகையன்று. எல்லாவற்றிலும் மோசமானது, லிப்ட் இல்லாத இரண்டாம் மாடி. குறுகலான வாசலைக் கண்டாலே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் ஒருவரை அந்தப் படிகளில் ஏற்றுவது கொடுமை. கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை ஒன்பதாவது அமர்வுக்குச் செல்கிறோம்.