ஒரே கல்லூரியா, ஊர் ஊராகவா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பயிற்சியாளராகப் பெயர் வாங்க இரண்டு வழி. ஒன்று மைக் ஷஷெஃப்ஸ்கி வழி: 1980-ல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் 2022 வரை நகரவே இல்லை. ஆரம்பம் சொதப்பல்தான், முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி, 1983-ல் வெர்ஜீனியாவிடம் 109-66 என்று மரண அடி, ஆளை மாற்றுங்கள் என்று ஆதரவாளர்கள் கத்தியும் விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை, அந்தப் பொறுமைக்குக் கிடைத்தது ஐந்து தேசியப் பட்டங்கள். 2004-ல் தொழில்முறை அணியான லேக்கர்ஸ் கூப்பிட்டும் போகவில்லை மனிதர்.

இன்னொன்று ரிக் பிட்டினோ வழி. பிராவிடன்ஸ் கல்லூரி அணியை 1987-ல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார், உடனே தொழில்முறை அணியான நியூயார்க் நிக்ஸ். அப்புறம் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1996 பட்டம், பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் சறுக்கல், லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2013 பட்டம். அந்தப் பட்டம் விதிமீறலால் 2018-ல் பறிபோனது, வேலை அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டது. பிறகு கிரீஸ் நாட்டில் ஒரு அணி, அயோனா கல்லூரி, 2023-ல் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். படுத்துக் கிடக்கும் அணியைச் சட்டென்று தூக்கி நிறுத்துவதில் ஆள் கில்லாடி.

என் ஓட்டு முதல் வழிக்குத்தான். ஆனால் அது பயிற்சியாளர் கையில் மட்டுமா இருக்கிறது? வீரர்களே வருஷாவருஷம் கல்லூரி மாறுகிற இந்தக் காலத்தில், மூன்று சீசன் தடுமாறுகிறவரை எந்தக் கல்லூரி வைத்துக்கொள்ளும், சொல்லுங்கள்.