அம்மாவோட தலைசுத்தலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் காது கிளினிக்கும்
படுக்கையில திரும்புனாலே வீடு சுத்துதுனு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, நாங்க ரெண்டு வாரமா பிரஷர் மாத்திரையத்தான் திட்டிட்டு இருந்தோம். இங்க டாக்டர் தலைய 45 டிகிரி திருப்பி சட்டுனு மல்லாக்க படுக்க வச்சாரு பாருங்க, கண்ணு ரெண்டும் தானா துள்ளி துள்ளி சுழலுது, நான் பயந்தே போய்ட்டேன். உள்காதுல இருக்குற சுண்ணாம்புத் துகள் இடம் மாறி, உடம்போட பேலன்ஸ பாத்துக்குற அரைவட்டக் குழாய்க்குள்ள போய்டுச்சாம். எப்லி முறைனு தலைய மெதுவா ஒவ்வொரு பக்கமா திருப்பி அத அந்தக் குழாய விட்டு வெளிய தள்ளுனாரு, ஊசியும் இல்ல மருந்தும் இல்ல, கால் மணி நேரம்கூட ஆகல. மறுநாள் அம்மா குனிஞ்சு கோலம் போட்டாங்க! ஆனா காத்திருந்தது ரெண்டு மணி நேரம், பார்க்கிங் கேக்கவே வேணாம், வெயிட்டிங் ரூம்ல ஃபேன் வேற கடகடனு ஆடிக்கிட்டே சுத்துது, தலைசுத்தல்காரங்கள அதுக்குக் கீழயா உக்கார வைப்பாங்க?