சுகர் உள்ள பெண்களுக்கு ஸ்டென்டா, பைபாஸா?

எனக்கு 61 வயது, பல வருடமாகச் சுகர். ஆஞ்சியோ செய்து பார்த்ததில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. மாத்திரையோடு இருக்கலாம், ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சின்ன கம்பிவலை) வைக்கலாம், பைபாஸ் செய்யலாம் என்றார்கள். நான் பைபாஸ் செய்துகொண்டேன். என் நிலையில் இருக்கும் பெண்களுக்கு இன்றும் அதையேதான் சொல்வேன். மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களின் கதை வேறு. அங்கே யோசிக்க நேரமில்லை, அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும்.

மாத்திரை எந்த வழியில் போனாலும் உண்டு. அதை மட்டமான வைத்தியமாகவும் நினைக்க வேண்டாம். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள். அவசரமில்லாத, நிலையான இதயநோய் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் சாவு குறையவில்லை. நெஞ்சுவலி மட்டும் நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் பெண்கள் கால்வாசிகூட இல்லை. எனக்கோ மாத்திரை சாப்பிட்டும் மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்தது.

ஸ்டென்ட் என்றால் மணிக்கட்டு வழியாக வேலை முடிந்து, ஓரிரு நாளில் வீடு. பைபாஸ் என்றால் நெஞ்செலும்பைப் பிளந்து, வாரக்கணக்கில் ஓய்வு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி: மறுபடியும் அடைத்தால்? சுகர்காரர்களுக்குக் கொழுப்பு ஒரே இடத்தில் நிற்காது, குழாய் நெடுகப் படியும். ஸ்டென்ட் தான் இருக்கும் இடத்தைத்தான் திறந்து வைக்கும். பைபாஸில் புதுக்குழாயை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோய்த் தைக்கிறார்கள். தைத்த இடத்துக்கு முன்பக்கம் நாளைக்கு இன்னொரு அடைப்பு வந்தாலும் ரத்தம் போய்ச் சேரும். சுகரும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரை வைத்து நடந்த ஃப்ரீடம் ஆய்வு 2012-இல் வந்தது. ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். மாரடைப்பும் பைபாஸ் பக்கம் குறைவு. பக்கவாதம் மட்டும் தலைகீழ்: ஸ்டென்டில் 2.4, பைபாஸில் 5.2. இதை மறைத்துப் பேசக் கூடாது. பெண்களுக்கு இதயக்குழாய்கள் சிறியவை, ஆபரேஷன் ஆபத்தும் ஆண்களைவிடக் கூடுதல். அதனால்தான் எந்தக் குழாயை வைத்துத் தைக்கிறார்கள் என்பது நமக்கு இன்னும் முக்கியம்.

டாக்டர்கள் ‘லிமா’ என்று சொல்லும், மார்புக்கூட்டின் உள்பக்கத் தமனியை வைத்துத் தைத்தால், பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் சிரை அந்த அளவு தாங்காது, பாதிக்குப் பாதி அடைத்துப் போகலாம். இந்தத் தமனியைப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே போடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. “எனக்கு லிமா போடுவீர்களா, டாக்டர்?” என்று நான் நேராகவே கேட்டேன். நீங்களும் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

அப்புறம் வீட்டு வேலை. நெஞ்செலும்பு ஒட்ட மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், நிறைந்த குக்கர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. சுகர் இருந்தால் மார்புக் காயத்தில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதிகம். அதனால் யார் சமைப்பார்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இதற்கு ஆளே இல்லை என்றால் ஸ்டென்ட் பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை, வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. அவற்றால் ரத்தக்கசிவு வருவதும் பெண்களுக்குத்தான் கூடுதல்.

ஒரே ஒரு அடைப்பு, சுகர் இல்லை என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன், ஸ்டென்டே போதுமானதாக இருக்கலாம். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு எதுவும் தெரியாமலேயே நெஞ்சுவலி வரும் பெண்களும் நிறைய. அவர்களுக்குச் சிக்கல் நுண்குழாய்களில் இருக்கலாம். அங்கே ஸ்டென்டும் பைபாஸும் உதவாது, மாத்திரைதான் வைத்தியம். அது என் அனுபவத்துக்கு வெளியே. ஆனால் “ஒன்றுமில்லை, மனசுதான்” என்று அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாமல் இன்னொரு இதய டாக்டரைப் பாருங்கள்.