வெள்ளவத்தையில் ஒரு மலைக்காற்றுக் கூடாரம்: பத்து மாத அனுபவம்

கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள தொடர்மாடி வீட்டில், கட்டிலின்மேல் பிளாஸ்டிக் கூடாரம் விரித்து, ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசித்தபடி, சைக்கிளோட்டியான நான் உறங்கத் தொடங்கிப் பத்து மாதங்களாகின்றன. கூடாரத்துக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரம் காற்றழுத்தத்தைக் குறைப்பதில்லை, 20.9 சதவீத ஒட்சிசனை ஏறத்தாழ 15.4 ஆக்கி, 2,500 மீற்றர் உயரத்தில் கிடைக்கும் அளவை உள்ளே தருகிறது. நுவரெலியாவே 1,868 மீற்றர்தான். இக்குறைவை உணரும் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்க, என்புமச்சை ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களைப் பெருக்கும் என்பதே எதிர்பார்ப்பு.

கொழும்பில் முதல் எதிரி வெப்பம். குளிரூட்டி இயங்கியும், அதிகாலை மூன்று மணிக்கு விழித்தால் கூடாரச் சுவரில் நீர்த்துளிகள் வழிந்துகொண்டிருக்கும். விரலில் மாட்டிய மானி இரத்த ஒட்சிசன் செறிவு 90 சதவீதம் எனக் காட்டும். தூக்கம் கெட்ட நாட்களில் ஐந்து மணிக்குக் காலி வீதியில் இறங்கினால் கால்கள் மிதிக்க மறுத்தன. இயந்திரத்தை வரவேற்பறைக்கு மாற்றி, குழாயைக் கதவிடுக்கால் கொண்டுவந்த பின்னரே வெப்பமும் இரைச்சலும் தணிந்தன. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, இரத்தத்தைச் சோதிக்காமல் தொடங்கியது. இரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 19 மட்டுமே இருந்தது. இரும்புச்சத்து இல்லாமல் செங்குழியங்கள் எங்கிருந்து பெருகும்? வைத்தியரின் ஆலோசனைப்படி மாத்திரை எடுத்து அதைச் சீராக்கினேன்.

ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என் வலு 231 வாற்றிலிருந்து 240 ஆக உயர்ந்துள்ளது. ஆனால் அதே காலத்தில் வாராந்தப் பயிற்சியையும் கூட்டியிருந்தேன். ஆகவே அந்த ஒன்பது வாற்றையும் கூடாரத்தின் கணக்கில் எழுத மனம் ஒப்பவில்லை. 2012 இல் வெளியான ஆய்வொன்றில், 3,000 மீற்றருக்குச் சமமான காற்றில் நான்கு வாரங்கள் நாளொன்றுக்கு 16 மணி நேரம் இருந்த சைக்கிளோட்டிகள்கூட, சாதாரண காற்றில் இருந்தவர்களை விஞ்சவில்லை. எவர் எந்தக் காற்றில் இருக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியாதபடி அந்த ஆய்வு நடத்தப்பட்டது. நானோ எட்டு மணி நேரம் மட்டுமே உள்ளே கிடந்தவன்.

ஓரிடத்தில் மட்டும் வேறுபாட்டை உணர்ந்தேன். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகையில், கடைசிக் கிலோமீற்றர்களில் வழமையாக வரும் மூச்சிரைப்பு இம்முறை குறைந்திருந்தது. அன்றிரவு தலைவலியும் இல்லை. மலையேற்றத்துக்கு மட்டுமே அது உதவுவதாகத் தோன்றியதால், கூடாரத்தை மடித்து அலுமாரியின்மேல் ஏற்றிவிட்டேன். அடுத்த மலையேற்றத்துக்கு மூன்று வாரங்கள் முன்னதாக மீண்டும் இறக்குவேன்.