ஷின்டென் ஜெட் மாற்றுப் பாகங்கள்: இந்த விற்பனையாளரிடம் மாட்டாதீர்கள்

ஜப்பானில் தனிநபர்கள் பழைய சாமான் விற்கும் செயலி ஒன்றில் 9,800 யென்னுக்கு ஒரு ரெசின் செட், அதாவது திரவப் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றிச் செய்த பாகங்கள், ஓடிக்கொண்டிருக்கிறது. ஹசெகாவா என்ற மாடல் நிறுவனத்தின் ஷின்டென் விமான மாடல் கிட்டை (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு அளவு) ஜெட் விமானமாக மாற்றுவதற்கான பாகங்கள், டீகால் என்னும் ஒட்டுச் சின்னங்களும் சேர்த்து. தயவுசெய்து வாங்காதீர்கள். நான் வாங்கினேன், பணம் திரும்பவில்லை. வால் பகுதியை இப்போது பிளாஸ்டிக் குழாயில் நானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஷின்டென் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கியூஷூ நிறுவனம் ஜப்பானியக் கடற்படைக்காகச் செய்த இடைமறிப்பு விமானம் இது. சின்ன இறக்கை மூக்கில், பெரிய இறக்கை பின்னால், அதற்கும் பின்னால் ஆறு இதழ் விசிறி. மூக்கில் 30 மி.மீ. பீரங்கிகள் நான்கு. 1945 ஆகஸ்ட் 3 அன்று ஃபுகுவோகாவில் முதல் தடவை பறந்தது. அதே மாதம் 15ஆம் தேதி சரணடைவு அறிவிப்பு வந்ததோடு கதை முடிந்தது. விசிறி எஞ்சினை எடுத்துவிட்டு நே-130 ஜெட் எஞ்சின் வைக்கும் யோசனையும் இருந்தது. அந்த ஜெட் வடிவத்துக்குப் பெயர் ஷின்டென் கை. அது கட்டப்படவே இல்லை. கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் செய்வதில்தான் 'வாட்-இஃப்' மாடலின் சுவையே இருக்கிறது. என் கற்பனை 1946ஆம் ஆண்டு, 343ஆவது விமானப் பிரிவு, ஓமுரா தளம்.

விளம்பரத்தில் இருந்த வாக்குறுதிகள் கொஞ்சநஞ்சமல்ல. கடற்படையின் அசல் வரைபடத்தைப் பார்த்துச் செய்ததாம். இடுக்கை அடைக்கும் புட்டியே வேண்டாமாம். விசிறி இல்லாததால் சக்கரக் கால்களைக் குட்டையாக்கித் தருகிறார்களாம். இந்தக் கடைசி விஷயம்தான் என்னை இழுத்தது. ஷின்டென் அவ்வளவு உயரமான கால்களில் நிற்பதற்குக் காரணமே விசிறி தரையில் தட்டக்கூடாது என்பதுதான். அப்படியும் முதல் முயற்சியில் தட்டி, பிறகு பின்பக்கத் துடுப்புகளின் அடியில் சிறு சக்கரங்கள் வைத்தார்கள். ஜெட்டுக்கு அந்த உயரம் தேவையில்லை. இதை யோசித்துச் செய்தவர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். யோசித்தவர் தெரிந்தவர்தான். ஆனால் விற்றவர் அவர் இல்லை.

வந்தது நகல் வார்ப்பு. யாரோ செய்த நல்ல செட்டை வாங்கி, அதையே மூலமாக வைத்து சிலிகோன் ரப்பர் அச்சு எடுத்து ஊற்றிய திருட்டுப் பிரதி. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உடல் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் மழுங்கியிருந்தன. வார்ப்புத் தண்டில் அசல் தயாரிப்பாளரின் குறியைச் சுரண்டிய தழும்பு அப்படியே ரெசினில் பதிந்திருந்தது. காற்று நுழைவாயின் விளிம்பு முழுக்கக் குமிழி, தொட்டால் பிசுபிசுப்பு. சோப்புத் தண்ணீரில் கழுவியும் போகவில்லை என்றால் அது அச்சிலிருந்து எளிதாகப் பிரிக்கத் தடவும் எண்ணெய் இல்லை, கலவை விகிதம் தவறி ரெசின் சரியாக இறுகவில்லை என்று பொருள். அதன் மேல் பெயின்ட் நிற்காது.

அளவுதான் மகா மோசம். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலிலிருந்து அச்சு எடுத்தால் சுருங்கியது மறுபடி சுருங்கும். வால் கூம்பை ஹசெகாவா உடலின் பின்வட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் சுற்றிலும் படி விழுகிறது. ஒரு பக்கம் நீள்வட்டமாகவும் போயிருந்தது. புட்டி வேண்டாமாம்!

கால்கள் வெறும் ரெசின், உள்ளே கம்பி கிடையாது. வால் கூம்போ உள்ளே குடையாத முழுக் கட்டி. பின்பாரம் தாங்காமல் விமானம் வாலில் உட்காரும். அதைச் சமாளிக்க மெலிந்த அந்த மூக்கில் ஈயத்தைத் திணித்தால் மொத்த எடையும் கால்களில் இறங்கும். மேசையில் நிறுத்தி வைத்த இரவே இடதுகால் வளைந்துவிட்டது.

டீகாலைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுப் பிரின்டரில் அச்சடித்தது. சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. கரும்பச்சை உடலில் ஒட்டினால் சிவப்பு வட்டத்தைச் சுற்றி வரவேண்டிய வெள்ளை வளையம் காணாமல் போகும். அடியில் வெள்ளை இல்லாததால் சிவப்பும் பழைய ரத்தக்கறை நிறத்துக்கு இறங்கும். 343 என்ற வெள்ளை எண்களின் இடத்தில் இருந்தது வெறும் கண்ணாடிப் படலம். விளம்பரப் படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்ததே என்றால், அது டீகாலை வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த படம்.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "நீங்கள் செய்வது நிஜத்தில் இல்லாத விமானம். இல்லாத விமானத்தில் அளவு தப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?" விமானம் கற்பனைதான். ஹசெகாவாவின் பின்வட்டம் கற்பனை இல்லையே, காலிப்பர் வைத்து அளக்கலாமே. அசல் வரைபடம் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் பதிலே இல்லை.

அதன்பிறகு திடீரென்று ஆள் பணிவாகிவிட்டார். மாற்று வார்ப்பு ஊற்றுகிறேன், அடுத்த வாரம் அனுப்புகிறேன், உடம்பு சரியில்லை, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பணிவில்தான் பொறி இருக்கிறது. இத்தகைய செயலிகளில் நாம் கட்டிய பணத்தை நிறுவனம் கையில் வைத்திருக்கும். பொருள் சரியாக வந்தது என்று நாம் மதிப்பீடு கொடுத்ததும் விற்றவருக்குப் போகும். நாம் எதுவும் அழுத்தாமல் விட்டாலும், குறிப்பிட்ட காலம் கழிந்தால் பரிவர்த்தனை தானாகவே முடிந்து பணம் போய்விடும். அவர் இழுத்தடித்தது அந்த நாளுக்காகத்தான். முடிந்த மறுநாளே பேச்சு நின்றது. செயலி நிறுவனத்திடம் போனால், கையால் செய்த பொருளின் தரம் இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

ஆகவே இதுமாதிரி ரெசின் வாங்குகிறவர்கள் பாகம் வந்த அன்றே கிட்டோடு பொருத்திப் பாருங்கள். குறை இருந்தால் விற்பவரின் சமாதானத்துக்குக் காத்திராமல், பரிவர்த்தனை முடிவதற்குள் செயலி நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள். விளம்பரத்தின் அடியில் 'நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்' என்று போட்டிருந்தால் பயப்படத் தேவையில்லை. குறை தெரிந்தே மறைத்து விற்றவர் அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று ஜப்பான் சிவில் சட்டத்தின் 572ஆம் பிரிவு சொல்கிறது. 188 என்ற நுகர்வோர் எண்ணில் ஆலோசனை கிடைக்கும். ஆனால் விற்பவர் தனிநபர் என்றால் அவர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

நான் வழக்கமாகப் போகும் மாடல் கடைப் பெரியவரிடம் பாகங்களைக் காட்டினேன். அசலை மகுஹாரியில் நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற மாடல் விற்பனைத் திருவிழாவில் பார்த்திருக்கிறாராம். ஒரே ஒரு ஆள் மேசை போட்டு விற்ற செட், அதில் கால்கள் வெள்ளை உலோகம் (வெள்ளீயக் கலவை) என்றார். அந்த மனிதருக்கு இந்த 9,800 யென்னில் ஒரு காசு போகவில்லை என்பது எனக்கு இன்னும் எரிகிறது.

போன வாரம் அதே படங்கள் வேறொரு விற்பனையாளர் பெயரில் மறுபடி ஏறியிருக்கின்றன, இப்போது 8,500 யென். மூன்றாவது படத்தில் வலப்பக்கக் காற்று நுழைவாயின் கீழ் விளிம்பில் பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். பெயரும் விலையும் எப்படி மாறினாலும், அந்தச் சில்லைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.