ஹிப்னாடிச சிட்டிங்கா, கோடு போட்ட நோட்டா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் எடை 86 கிலோ. "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, அஞ்சு கிலோவாவது இறக்குங்க" என்றார் டாக்டர். விசாரித்ததில் இரண்டு வழி தெரிந்தது. ஒன்று ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசம் வழியாகச் சிகிச்சை: ஆறு சிட்டிங், ஒவ்வொன்றும் 2,500 ரூபாய். இன்னொன்று டயட்டீஷியன்: மாதம் ஒருமுறை 600 ரூபாய், கூடவே சாப்பிட்டதையெல்லாம் எழுதி வர ஒரு கோடு போட்ட நோட்டு. எழுதச் சோம்பல்பட்டு முதலாவதற்குப் போனேன். அது முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் இரண்டாவது. இப்போது நான் நோட்டுக் கட்சி.

செலவைப் பற்றிப் பேச அதிகமில்லை, கணக்கு மேலேயே இருக்கிறது. ஆபத்து என்று பார்த்தாலும் இரண்டுமே சாதுதான். மனச்சிதைவு மாதிரி தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் மனநல மருத்துவரைக் கேட்காமல் ஹிப்னாடிசத்துக்கு உட்காரக் கூடாது.

சினிமாவில் காட்டுவதுபோல் கடிகாரம் எதுவும் ஆடவில்லை. சாய்வு நாற்காலி, மூடிய கண், கால்விரலில் தொடங்கி தலைவரை உடம்பைத் தளர்த்தச் சொல்லும் மெதுவான குரல். அப்புறம் "பாதித் தட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் தூங்கவில்லை; வெளியே ஆட்டோக்காரர் சில்லறைக்குச் சண்டை போட்டதுகூடக் காதில் விழுந்தது. முதல் நாளே "உங்கள் கை கனக்கிறது, தானாக இறங்குகிறது" என்று ஒரு சோதனை. என் கை மரியாதைக்குக் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். எல்லாரும் ஒரே அளவில் இதற்கு வசப்படுவதில்லை. அதை அளக்க அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959இலேயே ஒரு அளவுகோல் செய்துவிட்டார்கள். அதில் நான் கீழ்ப்படியில்தான் இருப்பேன் போல. அதனால் என் அனுபவத்தை மட்டும் வைத்து இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1840களில் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, இதன் முன்னோடியான மெஸ்மெரிச முறையில் பெரிய பெரிய கட்டிகளை அறுத்து எடுத்திருக்கிறார். வலி விஷயத்தில் அதற்கு ஏதோ சக்தி இருக்கிறது.

எடை விஷயம்தான் இடிக்கிறது. இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கினேன், பொய் சொல்லவில்லை. சிட்டிங் முடிந்து ஐந்து மாதத்தில் மூன்றும் திரும்பி வந்துவிட்டது. சிட்டிங் நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1995இல் இர்விங் கிர்ஷ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கவழக்கத்தை மாற்றும் நடத்தைப் பயிற்சியோடு ஹிப்னாடிசத்தையும் சேர்த்தால் பலன் மிகவும் கூடுகிறது, எடை விஷயத்தில் அது முக்கியமாகத் தெரிகிறது என்றார்கள். அடுத்த வருஷமே அலிசன், ஃபெய்த் என்ற இருவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டு, பிழை இருக்கிறது, உண்மையான பலன் சிறியது என்று காட்டினார்கள். நான் போன கிளினிக்கின் கையேட்டில் முதல் பாதி மட்டும் அச்சாகியிருந்தது.

எனக்கு அதிகம் உறைத்தது 2018இல் இத்தாலியின் தூரின் நகரத்து ஆய்வு. மிகவும் பருமனான 120 பேர். எல்லாருக்கும் ஒரே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. ஒரு பிரிவுக்கு மட்டும் தன்னைத்தானே ஹிப்னாடிசம் செய்துகொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை: சராசரியாக ஹிப்னாடிசப் பிரிவுக்கு ஆறரை கிலோ, மற்றதற்கு ஐந்தரைக்குச் சற்று மேல் இறங்கியது. ஆனால் அதை விடாமல் பழகியவர்களுக்கு ஒன்பதரை கிலோ போல இறங்கியிருந்தது. எதையும் விடாமல் செய்கிற ஆட்களுக்கு எதைச் செய்தாலும் எடை இறங்கியிருக்குமோ என்னவோ. எப்படியானாலும் தினமும் உட்கார வேண்டும். "சிரமமே இல்லாமல்" என்று சொல்லித்தானே என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்? தினமும் உழைக்கத்தான் வேண்டுமென்றால், எனக்கு நோட்டு சுலபம். ஒரு நாள் எழுதாவிட்டால் வெள்ளைப் பக்கம் முறைக்கிறது. கிளினிக்கில் கொடுத்த ஒலிப்பதிவைக் கேட்காமல் விட்டால் எதுவும் முறைப்பதில்லை.

நோட்டு இன்னொன்றையும் செய்தது. என் பிரச்சினை பசியே இல்லை என்று காட்டிவிட்டது. நாளுக்கு நாலு காபி, காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதிலேயே 130 கலோரி போல ஆகிறது. இட்லி நாலுதான், நியாயமான கணக்கு. ஆனால் பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அது 120 கலோரி. பாதித் தட்டில் நிறுத்தச் சொன்ன குரலுக்கு எண்ணெய் பற்றி எப்படித் தெரியும்? இவற்றைப் பாதியாக்கி, காலையில் முக்கால் மணி நேரம் நடந்து, 14 மாதத்தில் 79க்கு வந்தேன். அதன்பின் எட்டு மாதமாக அங்கேயே நிற்கிறது. ஐந்து வருஷம் நிற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஹிப்னாடிசம் யாருக்குப் பொருந்தலாம் என்று கேட்டால், கவலையில் சாப்பிடுகிறவர்களுக்கு என்பேன். 1998இல் இங்கிலாந்தில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் 60 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 18 மாதம் கழித்தும் எடைக்குறைவு நின்றது ஒரே பிரிவுக்குத்தான்: மன அழுத்தத்தைக் குறைக்கும் ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்ன ஹிப்னாடிசத்துக்கு அப்படி நிற்கவில்லை. குறைந்ததும் நாலு கிலோவுக்குள்தான். என் சகோதரி வீட்டில் சண்டை என்றால் மிக்சர் டப்பாவைத் திறப்பவள். அவள் ஹிப்னாடிசத்துக்குப் போனால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் நோட்டையும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

அந்த கிளினிக்கில் கொடுத்த ஒலிப்பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் போட்டுக் கேட்கிறேன். பாதித் தட்டு வருவதற்குள் தூங்கிவிடுகிறேன்.