பிளெண்டர்: வீட்டுக் கணினியில் ஒரு காவடி ஊர்வலம்

அனிமேஷன் பழக ஆசைப்படும் நம் தென்னாப்பிரிக்க டர்பன் நகரப் பிள்ளைகள் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால், யோசிக்காமல் பிளெண்டர் என்றுதான் சொல்வேன். காசு கிடையாது, சந்தா கிடையாது. 2002இல் இதன் நிரலை முதலீட்டாளர்களிடமிருந்து மீட்க, இதை உருவாக்கிய டான் ரோசன்டால் 1,00,000 யூரோ திரட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. அன்று முதல் இது எல்லாருக்கும் பொது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படமான 'ஃப்ளோ'வை இதில்தான் செய்தார்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தைப்பூசத்துக்கு எடுக்கும் காவடியை ஒரு குறும்படமாகச் செய்துகொண்டிருக்கிறேன். காவடி நிறைய செண்டுமல்லி வேண்டும். ஒரே ஒரு பூவைச் செய்துவிட்டு, ஒரு வடிவத்தை விதிப்படி பலவாகப் பரப்பும் 'ஜியாமெட்ரி நோட்ஸ்' என்ற பிளெண்டர் வசதி வழியாகக் காவடியின் வளைவு முழுக்கப் பரப்பினேன்; ஒவ்வொன்றின் அளவும் திருப்பமும் சற்று மாறும்படி வைத்தேன். ஆயிரம் பூ இருந்தாலும் கணினி நினைவில் வைப்பது ஒரு பூவைத்தான். அதனால் இயந்திரம் திணறவில்லை.

நடைதான் கடினம். இரண்டு நிலைகளை நாம் வைத்தால் இடையில் உள்ளவற்றை பிளெண்டரே நிரப்பிவிடும். ஆனால் அந்த நடையில் பாரம் இருக்காது. பக்தர் கால் ஊன்றும்போது முதலில் தோள் இறங்க வேண்டும், இரண்டு மூன்று ஃபிரேம் (படத்தின் ஒவ்வொரு தனிச் சட்டகம்) கழித்துக் காவடி இறங்க வேண்டும், அதற்கும் பிறகு மயிலிறகு ஆட வேண்டும். இந்தத் தாமதத்தை, அசைவைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் கோடு கோடாக நாமேதான் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஊர்வலத்தை உற்றுப் பார்த்தவர் கைக்கு மட்டுமே அது வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

ரெண்டர் செய்ய, அதாவது காட்சியை முடிந்த படமாக மாற்ற, பிளெண்டரில் சைக்கிள்ஸ், ஈவீ என்று இரண்டு வழி. சைக்கிள்ஸ் ஒளிக்கதிர் பட்டுத் தெறிக்கும் பாதையைக் கணக்கிடும். அழகு, ஆனால் மெதுவு. ஈவீ குறுக்குவழியில் வேகமாக முடிக்கும்; 'ஃப்ளோ' ஈவீயில் வந்ததுதான். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒரு ஃபிரேமுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் 48 மணி நேரம் ஆகும். இடையில் கரண்ட் வேறு எப்போது போகுமோ! நேரடியாக வீடியோவாக எடுக்காமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு குறை இருக்கிறது. நான் பயன்படுத்தும் பதிப்பில் தமிழ் எழுத்து சரியாகச் சேர்வதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். படத்தின் தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பாதையாக (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி என்ற வரைபடக் கோப்பாக உள்ளே கொண்டுவந்தால் சரியாகிவிடும். அப்புறம் அதற்குத் தடிமன் கொடுத்து, தங்க நிறமும் பூசலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஒரு மூன்று பொத்தான் மவுஸ் வாங்குங்கள். டச்பேடில் காட்சியைத் திருப்புவது பெரும்பாடு. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பிறகு சேமித்துக்கொள்ளலாம், ஈவீக்குச் சுமாரான கார்டே போதும்.